பன்னிரண்டு டைவிங் சூட்டும் அரை மூட்டை உப்பும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால்தான் பன்னிரண்டு டைவிங் சூட்டுகள் பாண்டிச்சேரிக் கடலை விட்டு ஆம்பூருக்கு வந்து, எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தங்கின. கடலுக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது. யாராவது கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்து பார்த்தேன். ஒருவரும் கேட்கிற மாதிரி தெரியவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். வெட்டி வரும் தோல் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஷூவின் மேல்பாகமாகத் தைத்துத் தருவது எங்கள் வேலை. என் கணவர் பச்சைத் தோல் மண்டியில் தரம் பிரிப்பவர். ஆட்டுத்தோலைக் கையில் எடுத்து ஒரு புரட்டுப் புரட்டி, ஒரு தரம் முகர்ந்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று வீசிக்கொண்டே போவார். இரண்டு பேருக்கும் தோல்தான் சோறு போடுகிறது. அவர் தொடங்குகிற இடத்தில் தோலில் முடி இருக்கும், நான் முடிக்கிற இடத்தில் லேஸ் இருக்கும்.

கம்பெனி டூரில் பாண்டிச்சேரி போனபோதுதான் இது தொடங்கியது. மற்றவர்கள் எல்லாம் கடற்கரையில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, நான் ஒரு டைவிங் சென்டரின் போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தேன். சோளிங்கர்ப் பக்கம் விவசாயக் கிணறுகளில் குதித்து வளர்ந்தவள் நான், தண்ணீர் எனக்குப் புதிதில்லை. ஆனால் தண்ணீருக்கு அடியில் மூச்சு விடலாம் என்பது புதிது. இருபது நிமிடம் கீழே இருந்தேன். ஒரு மீன் கூட்டம் என்னைப் பொருட்டாகவே மதிக்காமல் என் மூக்குக்கு முன்னால் கடந்து போனது. மேலே வந்ததும் சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு மறுபடி சிரித்தேன். டூர் பஸ் எனக்காக முக்கால் மணி நேரம் நின்றதில் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். திட்டு ஒன்றுகூடக் காதில் விழவில்லை.

அதற்குப் பிறகு முறையாகப் படிப்பில் சேர்ந்தேன். முதலில் நீச்சல் குளத்தில் பயிற்சி, பிறகு கடலில் நான்கு டைவ். நான்கையும் முடித்தால் கார்டு கொடுப்பார்கள், அதன் பிறகு எந்தக் கடலிலும் இறங்கலாம். லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் போய் இரண்டு டைவ் முடித்துவிட்டேன். மூன்றாவதுக்குப் போன அன்று காற்று மாறிவிட்டது. கடல் கலங்கிவிட்டது, இனி மழைக்காலம் முடிந்துதான் படகு கிளம்பும் என்று மாஸ்டர் சொன்னார். மாஸ்டர் என்பது எங்கள் பயிற்சியாளர். என்னைவிட வயதில் சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அன்று அவர் சூட்டுகள் வைக்கும் அறையைக் காட்டிப் புலம்பினார். உடம்போடு ஒட்டிக்கொள்ளும் கறுப்பு உடுப்பு அது. உள்ளே குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழிகள் அடைத்த ரப்பர், இரண்டு பக்கமும் மெல்லிய துணி. கடலின் குளிரிலிருந்து உடம்பைக் காப்பதே அதுதான். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்த அறையின் ஈரத்தில் இரண்டு மூன்று சூட்டாவது பூஞ்சை பிடித்து வீணாகிறதாம். "இந்த வருஷம் புதுசு வாங்க என்னால முடியாதுக்கா. இருக்கிற பன்னிரண்டும் நல்லபடியா நின்னாதான் சீசன் முதல் ஞாயிறு படகு எடுக்க முடியும்," என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். "எங்க ஊருக்குக் குடுத்தனுப்புங்க மாஸ்டர். தோலைக் கெடாம காப்பாத்துறதுதான் எங்க ஊருக்கே பொழப்பு. இது ஒரு சூட்டு, இத்தப் பார்த்துக்க மாட்டோமா?" என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "பன்னிரண்டும் சரியா திரும்பி வந்தா, முதல் ஞாயிறு முதல் படகுல நீங்க இருப்பீங்க. பாக்கி ரெண்டு டைவையும் அன்னிக்கே முடிச்சிடலாம். சூட்டு கெட்டுப் போச்சுன்னா யாருக்கும் படகு கிடையாது, உங்களுக்கும் சேர்த்துதான்," என்றார். நான் கைகொடுத்துவிட்டேன்.

அவர் சொன்ன விதிகளை ஷூ ஆர்டர் எழுதும் நோட்டிலேயே எழுதிக்கொண்டேன். நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயவைக்க வேண்டும். வெயில் ஆகவே ஆகாது. மடிக்கக் கூடாது, மடித்த இடத்தில் குமிழிகள் நசுங்கி அந்தக் கோடு நிலைத்துவிடும். மெல்லிய கம்பி ஹேங்கரில் மாட்டினால் தோள் கிழியும், அகலமான ஹேங்கர் வேண்டும். ஜிப்புக்கு மெழுகு தடவ வேண்டும். பெட்ரோல், எண்ணெய், பாலிஷ் எதுவும் கிட்டே வரக் கூடாது.

அகலமான ஹேங்கரா? அதெல்லாம் எங்களிடம் ஒரு பேச்சா? தோல் ஜாக்கெட் தைக்கிற இடத்தில் கேட்டு, ஆள் தோள் மாதிரியே வளைந்த மர ஹேங்கர் பன்னிரண்டு வாங்கி வந்தேன். சூட்டுகளோடு வந்த டைவிங் பூட்டுகளுக்குள், ஷூவுக்கு அடைப்பது போலவே வெள்ளைத் தாளைக் கசக்கித் திணித்தேன். மாடி அறையில் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டு, கதவருகே நின்று பார்த்தபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை. போட்டோ எடுத்து மாஸ்டருக்கு அனுப்பினேன். அவர் கைதட்டும் பொம்மை மூன்று அனுப்பினார்.

என் கணவர் மட்டும் மூக்கைச் சுளித்தார். "இன்னா நாத்தம் இது?"

இங்கேதான் நான் ஒரு பொய் சொன்னேன். கடலுக்கு அடியில் குளிரும். குளிரில் மனிதர்களுக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வரும். படகு ஏறி வந்து, சூட்டைக் கழற்றி, எங்கே போவது? அதனால் பலர் சூட்டுக்குள்ளேயே போய்விடுவார்கள். எத்தனை முறை அலசினாலும் அந்த வாடை முழுசாகப் போவதில்லை. இதைச் சொன்னால் அவர் பன்னிரண்டையும் ரோட்டில் தூக்கிப் போட்டிருப்பார். எனவே, "கடல் வாசனைங்க, அப்படித்தான் இருக்கும்," என்றேன். அவர் நம்பினாரா இல்லையா என்று நான் நின்று பார்க்கவில்லை.

இரண்டு மாதம் ஒழுங்காகப் போனது. அதன் பிறகு கம்பெனி என்னைப் புது மெஷின் பயிற்சிக்காக மூன்று நாள் சென்னைக்கு அனுப்பியது. திரும்பி வந்த அன்று அவர் வாசலிலேயே சொன்னார்: "உன் சூட்டுங்களைப் பத்தி இனிமே கவலையே படாத. எல்லாம் பக்காவா செஞ்சு வெச்சிட்டேன்." எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் கடலில் இறங்குவது அவருக்குப் பிடிக்காது. அவருக்கு நீச்சல் தெரியாது, கணுக்கால் மூழ்கினாலே பயம். அப்படிப்பட்டவர் என் சூட்டுகளைக் கவனித்திருக்கிறாரே என்று சந்தோஷத்தில் இரண்டு முட்டை சேர்த்து ஆம்லெட் போட்டுக் கொடுத்தேன். மாடிக்குப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. ஷிப்மென்ட் அவசரம் வேறு, காலை போனால் இருட்டித்தான் வீடு. அப்படியே பதினைந்து நாள் ஓடிவிட்டது.

சீசன் முதல் ஞாயிறுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை காலை மாடிக் கதவைத் திறந்தேன். கயிறு காலியாக இருந்தது. ஹேங்கர்கள் ஒரு மூலையில் கிடந்தன. தரையில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக, நான்காக மடித்து அடுக்கிய கறுப்பு மூட்டைகள். ஒவ்வொரு மடிப்புக்குள்ளிருந்தும் வெள்ளையாக ஏதோ உதிர்ந்துகொண்டிருந்தது. கிட்டே போய் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு!

எங்கள் ஊரில் பச்சைத் தோல் மண்டிக்குள் போனவர்களுக்கு இது புரியும். உரித்த தோலில் உப்பைத் தூவித் தேய்த்து, மடித்து, அடுக்கி வைப்பார்கள். உப்பு இல்லையென்றால் இரண்டு நாளில் தோல் அழுகிவிடும். உப்புப் போட்ட தோல் மாதக்கணக்கில் தாங்கும். என் கணவர் இருபது வருடமாக அதைத்தான் செய்கிறார். அதையே, அதே கவனத்தோடு, கல் உப்பு அரை மூட்டையை வைத்து, என் பன்னிரண்டு சூட்டுகளுக்கும் செய்திருக்கிறார். கடலில் போய் வந்ததும் உப்பைக் கழுவத்தான் மாஸ்டர் நாள் முழுக்கக் கத்துவார். இவர் உள்ளே வெளியே என்று பார்க்காமல் உப்பை வைத்துத் தேய்த்திருக்கிறார்.

நான் போட்ட சத்தத்தில் அவர் பல் துலக்கும் பிரஷோடு மேலே ஓடி வந்தார்.

"இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"இன்னா பண்ணேன்? காப்பாத்தி வெச்சிருக்கேன். நீ ஊர்ல இல்லாதப்போ நாத்தம் ஜாஸ்தி ஆயிடுச்சு. மோந்து பார்த்தேன். கடல் வாசனையாம் கடல் வாசனை! அழுகுற நாத்தம்மா அது. உள்பக்கம் கட்டைவிரலால தேய்ச்சேன், முடி கழண்டு வந்துச்சு. முடி கழண்டா தோல் போச்சுன்னு அர்த்தம். உடனே மண்டியில இருந்து புது உப்பு கொண்டாந்தேன்."

அவர் முடி என்று சொன்னது உள்பக்கத் துணியின் பஞ்சு இழை. அழுகுகிற தோலில் கட்டைவிரல் வைத்துத் தேய்த்தால் முடி கழன்று வரும், மண்டியில் அதுதான் சோதனை. அவர் அந்தச் சோதனையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். அழுகல் நாற்றம் என்று அவர் நினைத்ததற்குக் காரணம் என் பொய். எனக்கு இது சட்டென்று புரிந்தது. ஆனால் புரிந்ததற்காகக் கோபம் குறைகிற ஆள் இல்லை நான். வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் முகம் சுருங்கிப் போய், பிரஷைக் கையில் பிடித்தபடி, "தப்பாயிடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஒரு சூட்டை விரித்துப் பார்த்தேன். அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. மடித்த இடங்களில் கோடு. ஜிப்பின் ஓடும் தலையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது, இழுத்தால் அசையவில்லை. எல்லாம் போச்சு என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால், இதை எப்படிச் சொல்வேன், அதற்கு அடியில் ஒரு பரபரப்பும் இருந்தது. இரண்டு வாரம் இருக்கிறது, பன்னிரண்டு சூட்டு, பார்த்துவிடலாம் என்று உடம்பு தயாராகிவிட்டது. ஷிப்மென்ட் சமயத்தில் எனக்கு வருகிற அதே வேகம்.

முதல் வேலை, உப்பைக் கழுவ வேண்டும். எதில் கழுவுவது? எங்கள் வீட்டு போர் தண்ணீரே கரிக்கும். அதில் அலசினால் உப்பைக் கழுவ உப்பைப் பயன்படுத்திய கதைதான். குடிதண்ணீர்க் குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தரம் ஒரு மணி நேரம் வரும், அதில் பன்னிரண்டு சூட்டை ஊறவைக்க முடியாது. "தோல் ஷாப்பு டிரம்ல போட்டு ரெண்டு சுத்து சுத்தினா போதும், உப்பெல்லாம் போய்டும்," என்றார் அவர். தோல் பதனிடும் இடத்தில் மாட்டுத்தோலைப் போட்டுப் புரட்டுகிற பெரிய மர டிரம் அது. நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அன்றே கம்பெனியில் என் வரிசையின் மூத்த டைலர் அக்காவிடம் சொன்னேன். எங்கள் கம்பெனியில் மெஷினில் தைப்பவர்களை டைலர் என்போம். என் கையில் சூப்பர்வைசர் வேலை இருந்தாலும், மெஷினில் ஏதாவது சிக்கல் என்றால் நான் ஓடுவது அவரிடம்தான். ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. "எங்க கெணத்துத் தண்ணி சர்க்கரை மாதிரி இருக்கும் மேடம். பம்புசெட்டுத் தொட்டியில ஊறப்போடலாம், கொண்டாங்க," என்றார். கேட்டதும் எனக்கு அவரைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு ஒவ்வொன்றாகப் போட்டோம். சூட்டு மூழ்குமா? காற்றுக் குமிழி அடைத்த பொருளாயிற்றே, பன்னிரண்டும் கைகால் பரப்பி மேலே மிதந்தன. வரப்பில் போன ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி, எட்டிப் பார்த்து, "போலீசுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். டைலர் அக்கா சிரித்த சிரிப்பில் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு நானும் அவரும் புடவையையும் சுடிதாரையும் இழுத்துச் சொருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி, சூட்டுகளை மிதித்து மிதித்து அமிழ்த்தினோம். என் கணவர் தண்ணீருக்குள் வரவில்லை. ஆனால் அன்று முழுக்க ஒரு நிமிடம்கூட அவர் உட்காரவில்லை. நான்கு முறை தண்ணீரை வடித்து மாற்றினார். ஒவ்வொரு முறையும் ஒரு சூட்டின் கையைப் பிழிந்து, அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தார். நான்காவது முறை, "இப்போ கரிக்கல," என்றார். அவர் நாக்கை நான் நம்பினேன்.

மாங்காய் மரத்தடியில் உள்பக்கம் திருப்பிக் காயப்போட்டோம். விறைப்பு போய்விட்டது. வீட்டில் குடிதண்ணீரை வெதுவெதுப்பாக்கி, மடித்த இடங்களை மட்டும் அதில் ஊறவைத்து ஹேங்கரில் தொங்கவிட்டதும், கோடுகள் மூன்று நான்கு நாளில் பாதிக்கு மேல் மறைந்தன. மீதியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் நெற்றியிலும்தான் கோடு இருக்கிறது.

ஜிப்புதான் பேஜார். வீட்டில் இருவரும் உட்கார்ந்து வினிகர் தொட்டுப் பல் பிரஷால் தேய்த்தோம், வெந்நீர் விட்டோம், தையல் நூலுக்குத் தடவுகிற தேன்மெழுகை வைத்து உருட்டினோம். முதல் ஜிப்பு அரை மணி நேரம் கழித்து 'டக்' என்று நகர்ந்தபோது நான் கூவிய கூவலில் பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது. இரண்டு நாளில் பதினொரு ஜிப்பு ஓடிவிட்டது. பன்னிரண்டாவது மட்டும் அசைய மாட்டேன் என்றது. அது இருப்பதிலேயே சின்ன சைஸ் சூட்டு, எனக்குச் சேருகிற ஒரே சூட்டு. "விடு, இன்னும் ஊறட்டும், நாளைக்குப் பார்க்கலாம்," என்றார் அவர். நான் கேட்டேனா? குறடு எடுத்து ஓர் இழு இழுத்தேன். ஓடும் தலை கையோடு வந்துவிட்டது, பத்துப் பல்லும் கூடவே உதிர்ந்தது.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம், அவருக்கு அந்த வாய்ப்பு வந்திருந்தது. உதிர்ந்த பற்களைத் தரையிலிருந்து பொறுக்கி ஒரு தாளில் வைத்துவிட்டு, "இது மாதிரி ஜிப்பு எங்க கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அதைப் பையில் சுருட்டாமல், ஹேங்கரோடு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். சாம்பிள் அறையில், பெண்கள் போடும் முழங்கால் வரைக்குமான பூட்டுக்கு வாங்கிய ஜிப்பில் மிச்சம் கிடந்தது. பிளாஸ்டிக் பல், உப்புக்குத் துருப்பிடிக்காது. நிறம் மட்டும் மெரூன். அளந்து பார்த்தால் பழைய ஜிப்பைவிட நான்கு விரல் நீளம் கம்மி. டைலர் அக்கா சூட்டைத் தடவி, வளைத்து, முறுக்கிப் பார்த்தார். "கீழ நாலு விரலுக்கு ஒட்டித் தைச்சு மூடிடலாம். உள்ள நுழையுறது உங்க சாமர்த்தியம் மேடம்," என்றார்.

எங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்ட நாங்கள் டப்பா டப்பாவாகப் பயன்படுத்துகிற சொல்யூஷன் இருக்கிறதே, அதுவும் இந்தச் சூட்டும் ஒரே ரப்பர். டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நான் லைனிலேயே கத்திவிட்டேன். மேனேஜரிடம் சாப்பாட்டு நேரத்துக்கு மெஷினைக் கேட்டேன். அவர் சூட்டைப் பார்த்து, "இது எந்த பையரோட ஆர்ட்டிகிள்?" என்று, ஏதோ புது ஆர்டர் சாம்பிள் என்று நினைத்துச் சந்தேகமாகக் கேட்டார். எனக்குத்தான் சார் என்றதும், சாப்பாட்டு நேரம் மட்டும்தான் என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

டைலர் அக்கா வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். முதலில், சூட்டுகளோடு வந்திருந்த கிழிந்துபோன ஒரு டைவிங் சாக்ஸில் தைத்து, ஊசி மாற்றி, மறுபடி தைத்துப் பார்த்தார். பிறகு சூட்டின் விளிம்பிலும் ஜிப்பின் துணியிலும் சொல்யூஷன் ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொரு பூச்சு. புறங்கையால் தொட்டு, ஒட்டவில்லை என்றதும் ஜிப்பை வைத்து அழுத்தி, சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். அதன் மேல் ஜிக்ஜாக் தையல், பெரிய பெரிய தையலாக, இழுக்காமல், சூட்டைத் தானாக நகரவிட்டு. கடைசி நூலை அறுத்துவிட்டு நிமிர்ந்தபோது சுற்றி ஒரு கூட்டமே நின்றிருந்தது. யாரோ கைதட்டினார்கள். கறுப்பு முதுகில் மெரூன் கோடு, பார்க்க அவ்வளவு ஜோராக இருந்தது!

வீட்டில் போட்டுப் பார்த்தேன். அந்த நான்கு விரல் குறைவால் உள்ளே நுழைவதற்குள் வேர்த்துக் கொட்டியது. ஜிப்பு முதுகில், நானே இழுத்துப் போட முடியாது. தையல் முடிகிற இடத்தில் வேறு துணி மாட்டிக்கொள்ளும், அங்கே இரண்டு பக்கத்தையும் விரலால் சேர்த்துக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். அந்த நுட்பம் என் கணவர் கைக்குத்தான் வந்தது. பத்து முறை போட்டார், பத்து முறை கழற்றினார். "படகுல யாரு இதைப் போட்டு விடுவாங்க?" என்று யோசித்தவர், கொஞ்ச நேரம் கழித்து, "நானும் வர்றேன். உப்புப் போட்டது நான். அந்த மாஸ்டர்கிட்ட நான்தான் சொல்லணும்," என்றார்.

சனிக்கிழமை சூட்டுகளோடு பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் அவர் மாஸ்டரிடம் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். மாஸ்டர் ஒவ்வொரு சூட்டாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், நீட்டினார், ஜிப்பை இழுத்தார். பதினொன்று முடிந்தது. அதற்குள் என் கணவர் பொறுக்க முடியாமல், "சார், இதுங்களுக்கு உப்புப் போட்டு வெச்சது நான்தான்," என்று ஆரம்பித்து, நாற்றம், கட்டைவிரல், முடி, அரை மூட்டை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

மாஸ்டர் வாயைப் பிளந்து கேட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணே, அது அழுகுற நாத்தம் இல்ல," என்று, அது எதனுடைய நாற்றம் என்பதை விளக்கமாகச் சொன்னார். என் கணவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "கடல் வாசனைன்னு சொன்னியே?"

"கடல்லதானே நடந்துச்சு," என்றேன். எனக்கே வெட்கமாகிவிட்டது. "என் மேலதான் தப்பு. நான் நெசத்தைச் சொல்லியிருந்தா நீங்க உப்பைத் தொட்டிருக்கவே மாட்டீங்க," என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் தன் கட்டைவிரலை ஒரு தரம் பார்த்துவிட்டு, கை கழுவப் போனார்.

பன்னிரண்டாவது சூட்டை எடுத்தபோது மாஸ்டரின் முகம் மாறியது. மெரூன் ஜிப்பை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். "வேலை சூப்பர். ஆனா கீழே போனா நீங்க கையை வீசுவீங்க, குனிவீங்க, அப்போ இது தாங்குமா தெரியாது. பாதியில திறந்துக்கிச்சுன்னா குளிர்ந்த தண்ணி உள்ளே கொட்டும். அந்த நிமிஷம் உங்களை மேல கூட்டி வந்துடுவேன். டைவ் கணக்குல சேராது, அடுத்ததும் கிடையாது. வேற சின்ன சூட்டும் எங்கிட்ட இல்ல. சம்மதமா?" என்றார். நான் அவர் முடிக்கும் முன்பே தலையாட்டிவிட்டேன்.

ஞாயிறு காலை படகில் என் கணவர் லைஃப் ஜாக்கெட்டை இரண்டு முறை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கரை மறைவதற்குள் வாந்தி எடுக்கத் தொடங்கிவிட்டார். நங்கூரம் போட்டதும் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஆடுகிற படகில் ஒரு கையால் என் தோளைப் பிடித்தபடி, சரியான இடத்தில் கிள்ளி, மெரூன் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தார். பிடரியில் ஒட்டுப்பட்டையை அழுத்தி ஒட்டினார். அப்போதும் கையை எடுக்கவில்லை. மாஸ்டர் சிலிண்டரைக் கொண்டுவந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் எடுத்தார்.

பின்புறமாகச் சாய்ந்து விழுந்தேன். கீழே போகப் போக முதுகுதான் என் கவனம். குளிர் எங்கிருந்து வரும் என்று முதுகெலும்பே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. எட்டு மீட்டர், பத்து மீட்டர். மாஸ்டர் சைகையில் முகமூடியைக் கழற்றி மாட்டச் சொன்னார், குனியச் சொன்னார், கையை வீசி நீந்தச் சொன்னார். ஒவ்வொன்றையும் செய்தேன். கழுத்துப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் கசிந்தது, அவ்வளவுதான், அது எல்லாச் சூட்டிலும் வரும். முதுகு கதகதப்பாகவே இருந்தது! எங்கள் கம்பெனி சொல்யூஷன், எங்கள் டைலர் அக்காவின் தையல், பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் தாங்கி நிற்கிறது என்று நினைத்தபோது வாயிலிருந்த குழாயோடு சேர்ந்து சிரித்துவிட்டேன். குமிழிகள் பொங்கிக்கொண்டு போயின. மாஸ்டர் என்ன ஆச்சோ என்று பதறி என் கையைப் பிடித்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சைகை காட்டினேன், ஒரு தரம் போதும் என்ற இடத்தில் நான்கு தரம் காட்டினேன்.

மேலே வந்தேன். சிலிண்டரையும் மேல் ஜாக்கெட்டையும் தண்ணீரிலேயே கழற்றிப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டு, சூட்டோடு மிதந்தேன். என் கணவர் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். முகம் வெளிறிப்போய், உதடு காய்ந்து, கண் மட்டும் பெரிதாக.

"ஜிப்பு?" என்று கத்தினார்.

நான் பதில் சொல்லாமல் தண்ணீரில் திரும்பி முதுகைக் காட்டினேன். பின்னால் அவர், படகேறிவிட்ட மாஸ்டரிடம் கேட்பது காதில் விழுந்தது. "இன்னும் ஒரு டைவ் பாக்கி இருக்குதுல்ல சார்? எத்தினி மணிக்கு இறக்குவீங்க?"